சிவப்பு வட்டம்

"காய்ச்சல்னு போட்டுக்குங்க ஐயா. இல்லேன்னா சாவுன்னு போடுங்க. எங்க வீட்டுல யாரை வேணாலும் சாகடிச்சுக்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தலைமை ஆசிரியர் வாமாலா சிரிக்கவில்லை. "மெதுவா பேசுய்யா. இது உன் கல்குவாரி இல்ல."

கயோண்டோவுக்கு மெதுவாகப் பேச வராது. பாறைக்கு வெடி வைக்கும் முன், குன்றைச் சுற்றி இருப்பவர்கள் ஓடி ஒதுங்கும்படி கத்துவது அவன் வேலை. மற்ற நேரம் கல் உடைப்பான். இன்று அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தான். தலைமுடியெல்லாம் கல்தூசி.

வாமாலா வருகைப் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"பச்சை வட்டம்னா நோவு. நீலம்னா சாவு, கல்யாணம்னு சொல்லிட்டு எடுத்த லீவு. சிவப்புன்னா சொல்லாம கொள்ளாம ஓடிப்போனது. உன் மக வரிசையைப் பாரு."

கயோண்டோவுக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு தெரிந்தது.

"காலையில ஒழுங்கா வந்துர்றா. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு, மணி அடிச்சு, பேர் கூப்பிட்டா ஆள் இல்ல. மழை பிடிச்ச நாள்லேர்ந்து இதே கதைதான். இவ்வளவு சிவப்பை வெச்சுக்கிட்டு ஏழாம் வகுப்புப் பரீட்சைக்கு நான் பேர் அனுப்ப மாட்டேன். பட்டியல் நாளைக்கு முகோனோ கல்வி ஆபீசுக்குப் போகுது."

"பரீட்சை எழுதலேன்னா அவளும் என்கூட உக்காந்து கல்லுதான் ஒடைக்கணும் ஐயா."

"அதை அவகிட்டச் சொல்லு."

"சொல்லிட்டேன். நேத்து ரெண்டு அறை விட்டும் கேட்டுட்டேன். வகுப்புலதாம்ப்பா இருந்தேன்னு ஒரே பேச்சு."

"அப்போ பேர் கூப்பிட்ட நான் பொய் சொல்றேனா?" வாமாலா கண்ணாடியைக் கழற்றினார். "கூடப் படிக்கிற புள்ளைங்களைக் கேட்டேன். மத்தியானத்துல அவளைப் பாத்ததா ஒருத்தர்கூடச் சொல்லல. பதினாலு வயசுப் பொண்ணு. ரோட்டு முனையில பைக்கை நிறுத்திக்கிட்டுப் பசங்க சும்மா நிக்கிறானுங்க. நான் ஒண்ணும் சொல்லலப்பா."

எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. கயோண்டோவுக்குக் காது சுட்டது.

"நாலு எடத்துல வந்ததா போட்டுட்டா என்ன ஐயா கொறஞ்சிடும்?"

"என் கண்ணு பாக்காத புள்ளை வந்ததா நான் எழுதினதே இல்ல." அவர் பதிவேட்டை மூடினார். "நீயும் ஒழுங்கில்ல. பள்ளிக்கூடம் தொறந்தப்போ கொண்டாரச் சொன்னதையெல்லாம் குடுத்தனுப்பினியா?"

"தொடப்பம் குடுத்தேன். கக்கூஸ் பேப்பர் குடுத்தேன். மம்பட்டி மட்டும்தான் முடியாதுன்னேன். படிக்கிற புள்ளைக்கு அது எதுக்கு? பள்ளிக்கூட நேரத்துல பொஸ்தகத்தைத் தவிர எதையும் கையால தொடாதேன்னு சொல்லித்தான் அனுப்புறேன்."

"தோட்ட வேலையும் பாடம்தான்யா" என்றார் வாமாலா.

மகள் நசூனாவை வரச் சொன்னார்கள். அவள் கதவோரம் வந்து நின்றாள். நேற்று வாங்கிய அறையில் ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"ஐயா முன்னாடி சொல்லு. மத்தியானம் எங்க போற?"

"எங்கேயும் போகல. நீ சொன்ன மாதிரி வகுப்புலதாம்ப்பா இருக்கேன்."

"கூட யாரு இருந்தா?"

அவள் வாமாலாவைப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த பிரம்பைப் பார்த்தாள்.

"யாரும் இல்ல."

"கேட்டுக்கிட்டியா? அத்தனை புள்ளைங்க படிக்கிற வகுப்பு. கூட யாரும் இல்லையாம்! பொய்யைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல" என்றார் வாமாலா.

கயோண்டோ கையை ஓங்கினான். அவள் விலகவில்லை. அதற்குள் வெளியே மணி அடித்தது. கை அப்படியே இறங்கியது.

"பேர் கூப்பிடுற நேரமாச்சு, கெளம்பு" என்று பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாமாலா வெளியேறினார்.

கயோண்டோ கிளம்பவில்லை. இன்றைக்கு எந்தப் பைக்குக்காரன் என்று பார்த்துவிடுவது என்று, முற்றத்துப் பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்றான்.

போஷோ என்கிற சோளக்களியும் பீன்ஸும் தின்று முடித்த பிள்ளைகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கும்பலாக ஓடினார்கள். நசூனா மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தாள். ரோட்டுக்குப் போகவில்லை. ஏழாம் வகுப்புக்குள் போனாள். முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்தாள்.

அவன் ஜன்னலருகே வந்தான். கரும்பலகையில் காலையில் போட்ட கணக்கு அழியாமல் இருந்தது. வேறு யாரும் உள்ளே வரவில்லை.

வாமாலாவின் குரல் எங்கிருந்தோ கேட்டது. திரும்பிப் பார்த்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், தலைமை ஆசிரியரின் சொந்த பீன்ஸ் தோட்டத்தில், மொத்தப் பிள்ளைகளும் தோளில் மண்வெட்டியோடு வரிசையாக நின்றிருந்தார்கள். அவர் பதிவேட்டை விரித்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக "உள்ளேன் ஐயா" என்றார்கள்.

"நசூனா!"

வகுப்பில் தனியாக இருந்தவள் எழுந்து நின்றாள். "உள்ளேன் ஐயா" என்றாள். தோட்டம்வரை எட்டுகிற குரல் இல்லை அது.

கயோண்டோ இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, பாறை வெடிக்கும் முன் கத்துகிற மாதிரி, ஊருக்கே கேட்கக் கத்தினான்: "இவ ஒருத்திதான்யா வகுப்புல இருக்கா!"