இரண்டரை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அண்ணன் பெயரைக் கூப்பிட்டதும் தம்பி எழுந்து போய்க் கையை நீட்டினான்.

அண்ணன் ஓர் ஓரமாக, பழைய பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்பத்தாறு வயதுத் தச்சன். பரீட்சைக்கு ஆள் மாற்றி அனுப்பிய பயலைப்போல முழி வேறு.

விஷயம் இதுதான். அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்த சொத்து ஓர் உளிப்பெட்டியும், தடித்துப்போன இதயத் தசையும். அந்த இதயம் அவ்வப்போது தாளம் தப்பும். தப்பினால் உள்ளே ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் ஆள் காலி. அப்பா அப்படித்தான் போனார். அதனால் ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை.

மாத்திரை போட்டால், உளி பட்ட சின்னக் கீறல்கூட லேசில் நிற்காது. யார் வீட்டுக்கோ செய்த புது அலமாரியில் ரத்தம் சொட்டி மானம் போனதிலிருந்து, ஒரு மாதமாக மாத்திரைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டான். இன்றைக்கு ரத்தத்தைப் பார்த்தால் டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிடும். அந்த அம்மாள் திட்ட ஆரம்பித்தால் வராந்தா வரைக்கும் கேட்கும்.

தம்பிக்கோ ஒரு குறையுமில்லை. அப்பாவின் மூக்கை மட்டும் வாங்கிக்கொண்டு தப்பித்தவன். நோயில்லாதவன் ரத்தத்துக்கு நல்ல மார்க் வராமல் வேறு யாருக்கு வரும்?

யோசனையைக் கேட்டதும் தம்பி கன்னாபின்னாவென்று திட்டினான். பிறகு, இன்றிலிருந்து ஒழுங்காக மாத்திரை போடுவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தான்.

“கவலைப்படாதண்ணே, பாஸ் பண்ணி வைக்கிறேன்.”

பண்ணியும் வைத்தான். சீட்டைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். இரண்டரை! ரத்தம் உறையும் கணக்கு, இருக்கவேண்டிய இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, கச்சிதமாக. தச்சன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். நாக்கு சும்மா இருந்தால்தானே. ஒரு நோயுமில்லாத ஆளுக்கும் இதே இரண்டரைதானே வரும் என்று கேட்டு வைத்தான்.

டாக்டரம்மா சிரித்தார். மாத்திரையைத் தொடாத ஆளுக்கு ஒன்றுதான் வருமாம். இரண்டரை வருகிறதென்றால், நாள் தவறாமல் இந்த மாத்திரையை விழுங்குகிற ஆளாம். எல்லாரும் அவனைப்போல இருந்துவிட்டால் தனக்கு வேலையே மிச்சம் என்று முதுகில் தட்டாத குறையாக வழியனுப்பினார்.

தச்சன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

வாசலில் தம்பி, முழங்கை மடிப்பில் வைத்த பஞ்சை இன்னும் அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தான். என்ன ஆச்சு என்பதுபோலப் புருவத்தை உயர்த்திச் சிரித்தான்.

தச்சன் அந்தப் பஞ்சையே பார்த்தான்.

“நீ எத்தனை மணிக்குடா போடுறே?”