பீர்க்கங்காய் நார்

தாரிணியின் பின்னங்கழுத்தில் ஒரு கறுப்பு வளையம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா கோமளா அவளைக் குனியவைத்து அதைப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பாள். பயத்தமாவு, எலுமிச்சைத் தோல், சமையல் சோடா எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கழுத்து சிவந்ததே தவிர வளையம் போகவில்லை. "பன்னெண்டு வயசாகுது, ஒழுங்கா குளிக்கத் தெரியல" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

பள்ளி மருத்துவ முகாமில் டாக்டரம்மா தாரிணியின் சடையை விலக்கி, அந்த வளையத்தைத் தடவிப் பார்த்தார். அவளை எடை பார்க்க அனுப்பிவிட்டு, கூட வந்திருந்த கோமளாவிடம் கேட்டார்.

"இவ வயித்துல இருந்தப்போ உங்களுக்கு சுகர் இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம். புள்ள பொறந்ததும் சரியாயிடுச்சு. நாலரைக் கிலோ. வார்டே வந்து பாத்துட்டுப் போச்சு."

"இது அழுக்கு இல்லம்மா. இவளுக்கும் சர்க்கரை ஏறலாம்னு தோல் முன்கூட்டியே காட்டுது. அப்படிப் பொறந்த புள்ளைங்களுக்குப் பின்னாடி வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் குடுக்கக் கூட்டிட்டு வாங்க. கழுத்தத் தேய்க்காதீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தாரிணி நாரை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். முடியை முன்னால் தள்ளிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். கோமளா நாரை வாங்கி ஜன்னலில் வைத்தாள். வெந்நீரை மொண்டு மெதுவாக ஊற்றினாள். பச்சைக் குழந்தையின் கழுத்து மடிப்பைத் துடைப்பதுபோல, ஈர விரலால் அந்த வளையத்தைத் தடவினாள்.

தாரிணி குனிந்தபடியே கேட்டாள்.

"இன்னிக்கு வலிக்கவே இல்லம்மா. அழுக்கு போயிடுச்சா?"