போயாவுக்கு வராத வாசகர்கள்

இந்திரஜித் வாத்தியாரின் கை பட்டுக் கவிழ்ந்த பிளேன்டீ, பதுளை நெட் கஃபேயில் அவர் வழக்கமாக உட்காரும் கம்ப்யூட்டரின் கீபோர்டை நனைத்தது. கடைக்காரி கம்சலா துணியோடு ஓடி வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க கம்சலா. என் வலைப்பூவுக்கு இன்னைக்கும் எண்பது பேர் வந்திருக்காங்க. சந்தோஷத்துல கை ஆடிருச்சு."

"பரவாயில்லங்க சேர்."

"ஆறு மாசத்துக்கு முந்தி யாருமே வரலன்னு மூடப் பார்த்தேனே. இப்ப பௌர்ணமிக்கு லீவு விடுற போயா அன்னைக்கு மட்டுந்தான் ஒருத்தரும் வர்றதில்ல. எல்லாரும் புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போயிடுறாங்க போல."

கம்சலா கீபோர்டையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

'வலைப்பூ வெற்றி பெற வழிகள்' என்று அடுத்த பதிவை எழுத, அவர் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு மாறினார். இன்டர்நெட்டைத் திறந்ததும் அவருடைய வலைப்பூவே வந்து நின்றது. அதற்கடுத்த கம்ப்யூட்டரிலும் அதுவே.

"ஒங்க மெஷினத் தவிர எல்லாத்துலயும் மொதல்ல ஒங்க பக்கம் தெறக்குற மாதிரி நான்தான் வச்சேன் சேர். போயாவுக்குக் கடை பூட்டு."

வாத்தியார் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப உண்மையா யாருமே வாசிக்கிறதில்லையா?"

"நான் வாசிக்கிறேன் சேர். நீங்க கவிதை போடுற அன்னைக்கு மட்டும் வாசிக்கிறதில்ல."