ஒரே ஒரு கையெழுத்து

சத்தியமா சொல்றேன், என்கூட வேலை பார்க்கிற நெரீடா கிழிச்சதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.

முழுசா எழுதி, கையெழுத்தும் வாங்கின நன்கொடைப் பாரம். நாலா மடிச்சு, கிழிச்சு, கஷாய வண்டிக்காரரோட குப்பைக்கூடையில போட்டுட்டா!

பெரு நாட்டு லீமா நகரத்துத் தெருமுனையில பச்சைச் சட்டை போட்டு நின்னு, தீக்காயம் பட்ட குழந்தைங்களுக்கு நன்கொடை சேர்க்கிறது எங்க பொழைப்பு. மாசாமாசம் வங்கிக் கணக்குல முப்பது சோல் பணம் பிடிச்சுக்கலாம்னு கையெழுத்து வாங்கணும். வாரத்துக்குப் பத்துப் பேர். மூணு வாரம் சேர்ந்தாப்புல குறைஞ்சா சட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போகவேண்டியதுதான்.

நெரீடாவுக்கு அது மூணாவது வாரம். சனிக்கிழமை. குறையறது ஒண்ணே ஒண்ணு. வீட்ல கைக்குழந்தை வேற.

"ஏம்மா, பைத்தியமா உனக்கு? எதுக்குக் கிழிச்சே?"

"தப்பா எழுதிட்டேண்ணே."

"போன சனிக்கிழமையும் கிழிச்சியாமே? வண்டிக்காரர் சொல்றாரு."

"விடுங்கண்ணே."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அங்க குழந்தைங்க கட்டோட துடிக்குது, இங்க மகாராணி கிழிச்சுப் போடுறா! நேரா மேற்பார்வையாளர் ரோலண்டோகிட்ட போட்டுக் கொடுத்தேன். சாயங்காலமே சட்டையை வாங்கிட்டாரு.

அவ அழல. "அந்த முனைக்கு இனிமே யாரு?"ன்னு மட்டும் கேட்டா.

"சனிக்கிழமை நான்தான்."

"அண்ணே, அங்க ஒரு அம்மா வருவாங்க, அவங்களை..."

"போதும் தாயி. வேலையை நீ எனக்குச் சொல்லித் தராதே."

அடுத்த சனிக்கிழமை. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கும் அது மூணாவது வாரம். எனக்கும் ஒண்ணு குறையுது. மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் நிக்கல.

மாதாகோவில்ல பூசை முடிஞ்சு ஒரு வயசான அம்மா வந்தாங்க. நான் வச்சிருந்த படத்துல இருந்த குழந்தையோட கன்னத்தைத் தடவினாங்க.

"ஐயோ, பிஞ்சு! இத்தனை வயசுக்கு நான் யாருக்கும் ஒண்ணும் செஞ்சதில்லப்பா. எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டாங்க. அப்படி ஒரு சிரிப்பு முகத்துல.

பின்னாடியே அவங்க மக மூச்சு வாங்க ஓடிவந்தாங்க. என்னைத் தனியா இழுத்தாங்க.

"தம்பி, அந்தப் பொண்ணு எங்க?"

"வேலையை விட்டு நின்னுட்டாங்க. ஏன்?"

"அம்மாவுக்கு மறதி நோய். வாராவாரம் இதுதான் முதல் தடவைன்னு வந்து கையெழுத்துப் போடுவாங்க. வேணாம்னா தேம்பித் தேம்பி அழுவாங்க. வர்ற பென்ஷன் மாத்திரைக்கே பத்தல. அந்தப் பொண்ணு நல்லா சிரிச்சு வாங்கிக்கும், நாங்க தலை மறைஞ்சதும் கிழிச்சிடும். நீங்களும் கிழிச்சிடுவீங்கல்ல?"

"கண்டிப்பாம்மா."

ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டுப் போய் முனையில திரும்பினாங்க. நான் பாரத்தை நாலா மடிச்சேன்.

குப்பைக்கூடை பக்கத்துலதான் இருந்துச்சு. வண்டிக்காரர் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

சாயங்காலம் பாரத்தைப் பிரிச்சு, மடிப்பை நகத்தால நல்லா நீவிவிட்டு, ரோலண்டோகிட்ட கொடுத்தேன்.