வில்லி இல்லாத கதை

"வில்லி யாரு?"

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. பாதிக் கதைதான் சொல்லியிருந்தாள்.

"வில்லி இல்லைங்க சார்."

ஜெயசீலன் போனிலிருந்து தலையைத் தூக்கினார். அந்தச் சேனலில் எந்தத் தொடர் வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்கிறவர். அவள் உள்ளே வந்ததிலிருந்து இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறார்.

"இல்லைன்னா?"

"ரெண்டு பேரும் ஓரகத்திங்க சார். ரொம்ப ஒத்துமை. சேர்ந்து பொம்பளைங்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தர்றாங்க. வீட்டுல எதிர்ப்பு. ஊர்ல கேலி..."

"ஒரே வீட்டுல ரெண்டு மருமக. ரெண்டு பேரும் ஒத்துமை." அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு. "வாரத்துக்கு ஆறு நாள் ஓட்டணும்மா. ஒத்துமையை வச்சு எத்தனை நாள் ஓட்டுவீங்க?"

அவர் கை மறுபடியும் போனுக்குப் போனது.



சினிமாவிலும் டிவியிலும் அவளுக்கு ஒருத்தரையும் தெரியாது. அருப்புக்கோட்டையிலிருந்து மின்னஞ்சல் அனுப்பி அனுப்பி, பதில் வந்த ஒரே இடம் இது. கதை சொல்லப் போகிறவர்கள் 'ஓப்பன் பண்ணா' என்றுதான் ஆரம்பிப்பார்களாம். யூடியூபில் பார்த்து அதையும் பழகிக்கொண்டு வந்திருந்தாள். ஆரம்பித்தும் விட்டாள். அதற்கு மேல் யாரும் சொல்லித் தரவில்லை.

கதை அவளுடையது மட்டுமில்லை. செண்பகவல்லியுடையதும்தான்.

செண்பகவல்லி அவளுடைய ஓரகத்தி. மூத்தவள். ஒருத்தி சப்பாத்தி தேய்க்க, ஒருத்தி சுட, அடுப்படியிலேயே இருவரும் பேசிப் பேசிக் கட்டிய கதை. அதில் வரும் இரண்டு பெண்களும் அவர்களேதான். கார் மட்டும்தான் கற்பனை.

இப்போது செண்பகவல்லி கீழே வரவேற்பறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு ஆளைத்தான் மேலே விடுவார்களாம். நீயே போடி, நான் வந்தா உளறிருவேன் என்று தள்ளிவிட்டாள்.

வெறுங்கையோடு திரும்பினால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று இருவருக்கும் தெரியும். அப்புறம் மெட்ராஸ் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்த ஆள் காத்திருந்தான். தலையைக் கோதிக்கொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அதுவும் 'ஓப்பன் பண்ணா'வாகத்தான் இருக்கும்.

ஜெயசீலன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"சார்."

"சொல்லுங்க."

"வில்லி இருக்கா சார். மூத்தவதான்."

சொன்ன பிறகுதான் அவள் குரல் அவள் காதிலேயே விழுந்தது.

எழப்போனவர் உட்கார்ந்தார்.

"மூத்தவளுக்குக் குழந்தை இல்லை. இளையவளுக்குப் பொண்ணு பொறக்குது. ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் வர்றாங்க. மூத்தவ மட்டும் வரலை."

"ம்."

"வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகும் தொட மாட்டேங்கிறா."

"அப்புறம்?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அவள் வாயையே பார்த்தார். இதுவரை அவள் சொன்ன எதையும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நிறுத்தவேண்டும் என்று நினைத்தாள். நாக்கு நிற்கவில்லை.

"ஒருநாள் மத்தியானம் சார். வீட்டுல யாரும் இல்லை. இளையவ குளிச்சிட்டு இருக்கா. தொட்டில்ல குழந்தை அழுவுது. மூத்தவ தூக்குறா. தூக்கிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போறா. எங்கயாவது விட்டுட்டு வந்துரலாம்னு..."

"விட்டுடறாளா?"

"இல்ல சார். குழந்தை அவ தோள்லயே தூங்கிருது. திரும்பி வந்துடறா."

"தூங்க வேணாம். விட்டுட்டு வரட்டும். சனிக்கிழமை எபிசோடை அங்க முடிங்க."

"சரிங்க சார்."

பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பியது நடந்ததுதான். அவளுக்குத் தெரியாமலே நடந்தது. வருஷங்கள் கழித்து, ஒரு சாயங்காலம் துணி மடிக்கையில் செண்பகவல்லியாகவே சொன்னாள். உன்கிட்ட இதை மறைச்சு வச்சுக்கிட்டு உன் பிள்ளையைக் கொஞ்ச முடியலடி என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இது என்னைத் தாண்டிப் போகாதுக்கா என்று அவள்தான் கையைப் பிடித்துச் சொன்னாள்.

"வில்லி புதுசா இருக்கா," என்றார் ஜெயசீலன். "யாரையாவது பார்த்து எழுதினதா?"

"இல்லைங்க சார். கற்பனைதான்."

முதல் வாரத்துக்கு மட்டும் காட்சிகள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கதவு வரை வந்து வழியனுப்பினார். வெளியே நின்றவன் அவளைப் பொறாமையோடு பார்த்து வழிவிட்டான்.

லிஃப்ட் வந்தது. ஏறாமல் படியில் இறங்கினாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த நேரத்தில் சந்தோஷமாக இருக்க முடிகிறதே என்று தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது. பாதிப் படியில் நின்றாள். திரும்பி ஏறிப்போய், வேண்டாம் சார், வில்லி இல்லை என்று சொல்லிவிடலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். யாரோ காபித் தட்டோடு வந்தார்கள். ஒதுங்கி வழிவிட்டாள்.

பிறகு இறங்கினாள்.

செண்பகவல்லி போனில் பேசிக்கொண்டிருந்தாள். "சட்டியில பருப்பு இருக்கு தங்கம். நெய் ஊத்திப் பிசைஞ்சுக்க. நாளைக்குக் காலையில பெரியம்மா வந்துருவேன்."

அவளைக் கண்டதும் போனை வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்ன சொன்னாக?"

"பிடிச்சிருக்காம்க்கா. முதல் வாரத்துக்கு எழுதிட்டு வரச் சொல்றாரு."

காவலாளி பார்க்கப் பார்க்க, செண்பகவல்லி அவளை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள். அவசர அவசரமாகப் பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள்.

"ரயில்லயே உக்காந்து எழுதிருவோம்டி. சொல்லு, முதல் வாரத்துல நான் என்ன பண்றேன்?"