பெங்களூர் லைன்

மூன்றாவது முறையும் பாதியில் அறுந்தது.

திரையில் 'தொடர்பு இல்லை' என்று ஓர் ஆங்கில வரி வந்து நின்றது. அதுவரை வந்ததெல்லாம் வீண். இந்த மோடத்தில் ஒருமுறை அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையின் சம்பளக் கணக்கு, ஸ்டோர் கணக்கு புரோகிராம்கள் எல்லாம் பெங்களூர் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அந்த ஆபீஸை மூடுகிறார்கள். மாலை ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரைப் பம்பாய்க்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதற்குள் அத்தனையையும் போன் வழியாக ஓசூருக்கு எடுத்தாக வேண்டும்.

ஃபிளாப்பியில் போட்டு ஆளிடம் கொடுத்தனுப்பச் சொல்லலாம் என்றால், காவிரித் தகராறில் எல்லையில் அத்திப்பள்ளியோடு பஸ் நின்றுபோயிருந்தது.

வயரைக் கழற்றி மாட்டினேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். மோடத்தை அணைத்து, சூடு ஆறவிட்டு, மறுபடி போட்டேன்.

கடைசியில் பெங்களூர் ஆபீஸில் இருந்த ரத்தினவேல் சாரைப் போனில் கூப்பிட்டேன்.

"ஏம்மா, உங்க ஊர்ல காக்கா உக்காந்தாகூட லைன் கட்டாகுமோ? எவனோ எக்ஸ்டென்ஷனை எடுக்குறான். போய்ப் பிடி அவனை."

எங்கள் லைனில் இன்னொரு போன் ஸ்டோரில் இருந்தது. அதை யார் எடுத்தாலும் மோடம் அறுந்துவிடும். டயல் செய்து, காப்பி ஓடத் தொடங்கியதும் ஸ்டோருக்கு ஓடினேன்.

கெம்பம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். கக்கத்தில் துடைப்பம். கண்கள் மூடியிருந்தன.

தொழிற்சாலையைக் கூட்டிப் பெருக்குபவர். கோவிந்தனின் அம்மா.

"திட்டாத பாப்பா. இது எங்க கோவிந்து போடற சத்தம். எடுத்தா கொஞ்ச நேரம் கேக்குது, அப்பறம் நின்னு போவுது. என்னமோ சொல்ல வரான்."

கோவிந்தன் எனக்குப் பக்கத்து மேஜையில் இருந்தவர். போன வருடம் பெங்களூர் ஆபீஸுக்கு மாற்றலாகிப் போனார். இங்கே இருந்தபோது, மோடம் கூவினால் அவரும் அதே மாதிரி வாயால் கூவிக் காட்டுவார். பெருக்க வந்த அவர் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நான் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது.

ரிசீவரை எடுப்பதால்தான் சத்தம் நிற்கிறது என்று கெம்பம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்து வந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஸ்டூலில் உட்காரச் சொன்னாலும் கேட்காமல் தரையில் உட்கார்ந்தார்.

மோடத்துக்குள் சின்ன ஸ்பீக்கர் ஒன்று உண்டு. தொடர்பு கிடைத்ததும் அது தானாக அடங்கிவிடும். அடங்காமல் வைக்க ஒரு கட்டளை இருக்கிறது. அதைத் தட்டிவிட்டு டயல் செய்தேன்.

முதலில் கூவல். பிறகு, தகரக் கூரையில் தூறல் விழுவது போன்ற இரைச்சல்.

நிற்கவில்லை.

கெம்பம்மா மேஜைக் காலில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டார்.

"பஸ்ஸு நின்னதுல இருந்து ஒரு சேதி இல்ல. எவ்வளவு பேசறான் பாரு! நல்லாத்தான் இருக்கான்."

அப்புறம் மோடத்தை அண்ணாந்து பார்த்து, "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று. இரைச்சல் தொடர்ந்தது. அது போதுமானதாக இருந்தது போல, தலையை ஆட்டிக்கொண்டார்.

"இது முடிஞ்சதும் போனுல ஒரு வார்த்த பேசக் குடு பாப்பா. நிசமான குரல்ல."

சரி என்று சொன்னேன்.

ஒவ்வொரு கோப்பாக வந்தது. பகல் சாப்பாட்டுக்கு நான் எழுந்து போகவில்லை. கெம்பம்மாவும் அசையவில்லை. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் சத்தம் நின்றது.

திரையில் எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. ஒன்றும் விடுபடவில்லை.

கெம்பம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனுக்காக இரண்டு கைகளையும் நீட்டினார்.

அன்று காலையில் ஆபீஸ் திறந்ததும் ரத்தினவேல் சாரிடம் நான் முதலில் கேட்டது வேலையைப் பற்றி அல்ல. பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த கேள்வி அது. சாதாரணமாகத் தெரியட்டும் என்று அங்கிருந்த மற்றவர்களைப் பற்றியும் சேர்த்தே விசாரித்தேன்.

கோவிந்தன் தீபாவளியோடு வேலையை விட்டுவிட்டாராம். எங்கே போனார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாதாம்.

போன் அடித்தது. எடுத்தேன்.

"வந்துருச்சாம்மா? கீழ லாரி நிக்குது."

நீட்டிய கைகள் என் முகத்துக்கு நேரே இருந்தன.

"இல்லைங்க சார்," என்றேன். "இன்னொரு வாட்டி அனுப்புங்க."