பத்து நிமிட நீலம்

நாளை முதல் நெதர்லாந்தில் போதைக் காளானுக்குத் தடை. பண்ணையில் இருப்பதையெல்லாம் இன்று அழித்துவிட வேண்டும். என் மனைவி நின்கே பொறுக்கியெடுத்து வளர்த்த வெள்ளை ரகமும் அதில் அடக்கம்.

அந்த ரகத்தை அழுத்தினால் அழுத்திய இடம் நீலமாகும். உடனே அல்ல, பத்து நிமிடம் கழித்து. நின்கே கையுறை போட மாட்டாள். கட்டைவிரலால் காளானின் குடையை அழுத்திப் பார்ப்பாள். அவள் இறந்து ஏழு மாதமாகிறது. தடம் இன்னும் விழுகிறது. அவள் விரலில் இருந்த கத்தித் தழும்பு அதன் நடுவே வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

“கையுறை போட உனக்கு என்னடா கேடு?” என்றார் முதலாளி கெர்பன்.

“போட்டுத்தான் இருக்கேன்.”

“அப்போ பேய் வந்து அமுக்குதா? ஆறு மணிக்கு எல்லாம் குப்பைக்குப் போயிடணும், யோஸ்ட்.”

அந்த ரகம் வளர்ந்த கடைசித் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு வளர்ப்பறைக் கதவை உள்ளே பூட்டினேன். ஒரு முறையாவது அவள் வருவதைப் பார்த்துவிட வேண்டும். அரை மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. யாரும் வரவில்லை.

ஆறு மணிக்குக் கெர்பன் கதவைத் தட்டினார். எழுந்தேன். நடுக் காளானின் குடையில் நீலம் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு முன்பும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.